அமிர்தவதனி கரையேறினாளா?

அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. கடைசி ஏடுகளும் கிடையாது. முகத்தருகே கொண்டுபோனால் இன்றும் புகை வாசம் அடிக்கிறது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் காய வைக்கும் புகைக்கூட்டின் வாசம் அது. அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு அங்கேதான் வேலை. அவள் சேலை, கூந்தல், வெற்றிலைப் பை எல்லாவற்றிலும் ஏறியிருந்த அந்த வாசம் அவள் படித்த கதையிலும் ஏறிவிட்டது. “அமிர்தவதனி ஒரு காலை வெள்ளத்தில் வைத்தாள்.” புத்தகத்தில் இருக்கும் கடைசி வரி இதுதான். அப்புறம் என்ன ஆயிற்று என்பது இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தியின் கதையென்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் பெயரும் அமிர்தவதனி.

நான் பிறப்பதற்கு முன்பே தெரணியகலைக் கடைத்தெருவில், சீனி சுற்றிக் கொடுக்க முஸ்லிம் கடைக்கார நானா வைத்திருந்த பழைய காகிதக் கட்டிலிருந்து அத்தை அதைக் கேட்டு வாங்கி வந்தாளாம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பால் வெட்டு இல்லையென்றால் வேலைக் கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. அப்படிப்பட்ட பகல்களில் அத்தையின் ஒற்றை அறைக் காம்பராவில் பெண்கள் கூடிவிடுவார்கள். அவள் உரக்கப் படிப்பாள். சின்ன வயதில் எனக்கு இதில் பெரிய சங்கடம். கதைக்காக மழை வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அடுப்பைப் பார்த்தால் வர வேண்டாம் என்று வேண்டிக்கொள்வேன். சாமிக்கே தலை சுற்றியிருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் மகள் அமிர்தவதனி. கட்டியவனை யாரோ பொய் வழக்கில் மாட்டிச் சிறையில் தள்ளிவிடுகிறார்கள். அவனை மீட்பதற்கான சாட்சியைத் தேடி அவள் தனியாகப் புறப்படுகிறாள். அத்தை படிக்கத் தொடங்கினால் சுற்றிலும் நின்ற ரப்பர் மரங்கள் காணாமல் போய்விடும். நெல் வயலை அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் மறந்துவிட்டார்கள், மீதிப்பேர் பார்த்ததே இல்லை. ஆனால் வரப்பில் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பலாக்காய் கொண்டுவரும் சிங்களத்து அம்மா ஒருத்தி வாசலோரம் உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தை மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், “ஈட்ட பஸ்ஸே?” என்பாள். அப்புறம் என்ன என்று கேட்கிறாளாம். நாளடைவில் லயமே அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டது.

நான் அம்மா வயிற்றில் இருந்தபோதுதான் முதல் முறையாகக் கதை அந்த வெள்ளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தது. அன்று நேரமாகிவிட்டது என்று அத்தை மூடி வைத்துவிட்டாள். பெண்களுக்கு மனம் கேட்கவில்லை. அமிர்தவதனி கரையேறினால் பொங்கல் வைப்பதாகத் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அச்சில் வந்தவள் எங்கோ உயிரோடு இருப்பவள்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மறு மழைக்கு வந்து உட்கார்ந்தால், ஏடு அதோடு முடிந்துபோயிற்று என்கிறாள் அத்தை. இப்போது பொங்கல் வைப்பதா, வேண்டாமா? பூசாரியிடம் கேட்டார்கள். “அவ வந்து சேந்தான்னு தகவல் வரட்டும், அப்புறம் பாப்போம்” என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கலவரத்துக்கு நடுவே நான் பிறந்தேன். பொங்கல்தான் வைக்க முடியவில்லை, பெயரையாவது வைப்போம் என்று எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். முனியம்மாக்களும் ராமாயிகளும் நிறைந்த லயத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கங்காணி அதைப் பாதியாக நறுக்கி அமிர்தம் ஆக்கினார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகியதும் நானே அந்தப் புத்தகத்தைப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வேறு ஒரு பிறப்பு இருந்தது போலவே ஆகிவிட்டது. யாராவது அதட்டினால் லயத்துப் பெண் போல முனகாமல், மிராசுதார் மகள் போல நிமிர்ந்து பார்ப்பேன். அதற்காக வாங்கிய அடி கொஞ்சமல்ல. அந்த நிமிர்வு என்னுடையதா அவளுடையதா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஆறு பெருகினால் மட்டும் அவளுடைய பயம் எனக்கு வந்துவிடும்.

கலவானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையை ஒரு திருவிழாவில் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது, நன்றாகவே பிடித்திருந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் அவருடைய அம்மா என் முழுப் பெயரைக் கேட்டார். சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் தோட்டத்திலும் எப்போதோ யாரோ அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

“அவ தண்ணியோட போயிட்டாளே! ஆத்தோட போனவ பேர என் வூட்டுக்குள்ள எப்புடிங்க கூப்புடுறது?” என்று எழுந்துவிட்டார்.

அப்பா பெயரை மாற்றிவிடலாம் என்றார். எனக்கு அழுகை பொங்கியது. அவரும் வேண்டும், பெயரும் வேண்டும். அந்த அம்மா சொன்னதே உண்மையாக இருந்தால் என்ற பயம் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு, என்னையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு கலவானைக்குப் புறப்பட்டாள். “கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க” என்று அவர்கள் காம்பராவில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். பொழுது சாயும்போது வெள்ளத்தங்கரை வந்தது. கடைசி வரி எனக்கு மனப்பாடம், அதோடு நின்றுவிடும் என்று காத்திருந்தேன். அத்தையின் குரல் நிற்கவில்லை. கண் அதே பக்கத்தில் மேலும் கீழும் போய் வந்தது, வாய் மட்டும் இல்லாத ஏட்டைப் படித்தது. அமிர்தவதனி இடுப்பளவு தண்ணீரில் போனாள், கழுத்தளவு தண்ணீரில் போனாள், ஒரு வேரைப் பற்றினாள், ஏறினாள். புருஷன் வெளியே வந்தான். என் மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு, “புண்ணியவதி, பொழச்சுக்கிட்டா” என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் அத்தையிடம் கேட்டேன். “அத்தே, மெய்யா சொல்லுங்க. அவ ஏறுனாளா, இல்லியா?”

அத்தை வெற்றிலையை மடித்தபடி, “ஏடு முழுசாத்தான் இருந்துச்சு. ஒனக்குப் பேரு வச்ச அன்னிக்குக் கடசி ஏடுகள நாந்தான் புகைக்கூட்டு அடுப்புல போட்டேன்” என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அட, நம்பிட்டியா? நானா அதுல சீனி சுத்திக் குடுத்திருப்பாரு, போடி.”

எது விளையாட்டு, எது நிஜம்? ஏடு தீயில் போனதா, சீனியோடு போனதா? தீயில் போட்டிருந்தால், எதைப் படித்துவிட்டுப் போட்டாள்? பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அத்தை போய்விட்டாள். புத்தகம் எனக்கு வந்தது. எத்தனை ஆறுகளைக் கடந்துவிட்டேன், எத்தனை கதைகளைப் படித்துவிட்டேன். ஆனால் எந்தக் கதையிலும் கடைசி ஏடு நெருங்கினால் கை தயங்குகிறது. அச்சில் இருந்ததுதான் என்னை வளர்த்ததா, அச்சில் இல்லாததுதான் வளர்த்ததா என்றும் குழம்பிப்போகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். அந்த நேர்த்திக்கடன் இன்னும் பாக்கி என்பது ஏனோ உறுத்திக்கொண்டே இருந்தது. மாரியம்மன் வாசலில் பொங்கல் வைத்தேன். புதிய பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு, “யாரு பேருக்குங்க?” என்று கேட்டார்.

“அமிர்தவதனி.”

“உங்க பேருங்களா?”

நான் மடியிலிருந்த புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பானையடிப் புகையில் எந்த வாசம் எதுவென்று பிரிக்க முடியவில்லை. பூசாரி காத்துக்கொண்டு நின்றார்.

“கரையேறிட்டா, சாமி” என்றேன்.