மேடேறிய கரி பஸ்

பஸ்ஸின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் நிற்கும். அதன் மூடியைத் திறந்து அப்பா கரியைக் கொட்டுவார். பக்கத்தில் இருக்கும், நெருப்புக்குக் காற்று ஊதும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுவார். உள்ளே கரி கனன்று, புகை நிறம் மாறி, அந்த வாயுவில் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பும்வரை அவர் யாரிடமும் பேசமாட்டார். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது எங்கள் பக்கத்து பஸ்கள் எல்லாம் இப்படிக் கரியில்தான் ஓடின. ஏரியூரிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் கரி போடுகிறவர் என் அப்பா. இரவில் பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும். கரி மூட்டைகள் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது. பென்னாகரத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். படிப்பு முடிந்ததும், ஆசிரியப் பயிற்சிக்குச் சேர தருமபுரியில் ஒரு பரீட்சை எழுதவேண்டியிருந்தது. அதில் தேறினால் மேலே படிக்கலாம்; தவறினால் வைகாசிக்குள் கல்யாணத்தை முடித்துவிடுவது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டையும் பார்த்து வைத்துவிட்டார்கள்.

இங்கிலீஷ்தான் எனக்குப் பயம். கடினமான காரியத்தைச் செய்து முடிப்பதற்கு அந்த மொழியில் எத்தனை வினைச்சொற்கள்! மேனேஜ், சக்ஸீட், அச்சீவ், அக்காம்ப்ளிஷ், ஓவர்கம். இவை கட்டாயம் வரும் என்று டீச்சரம்மா எச்சரித்திருந்தார். எப்படியோ சமாளித்தால் ஒன்று, முயன்று வென்றால் ஒன்று, நெடுநாள் பாடுபட்டு அடைந்தால் ஒன்று, எடுத்த வேலையை முழுதாக முடித்தால் ஒன்று, தடையைத் தாண்டினால் இன்னொன்று. எனக்கோ எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரிந்தன. முகம் பார்த்துப் பெயர் சொல்ல வரவில்லை.

பரீட்சை நாள் காலையில் நான் எழுந்தபோது வாசலில் மஞ்சள் வாசனை. அம்மா எனக்கு முன்பே எழுந்து, பஸ்ஸுக்குப் பொட்டு வைத்து, வேப்பிலை செருகி, குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்துத் தெளித்திருந்தாள். எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்குப் புறப்படும் வண்டிக்கும் மாட்டுக்கும் அப்படித்தான் செய்வார்கள். மாடுதானே வண்டியை இழுக்கிறது? கரிதானே பஸ்ஸை இழுக்கிறது? ஆகையால் மீதித் தண்ணீரைக் கரி மூட்டைகளின்மேலும் ஒரு சொட்டு விடாமல் ஊற்றியிருந்தாள். அப்பா அப்போது குளிக்கப் போயிருந்தார்.

அன்று காலை பீப்பாயில் முந்தின நாள் கரி பாதி இருந்தது. அதனால் பஸ் கிளம்பிவிட்டது. பென்னாகரத்துக்கு முன்னால் ஒரு நீள மேடு உண்டு. அதன் பாதியில் புதுக் கரியை அள்ளிப் போட்டார் அப்பா. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. பஸ் நின்றுவிட்டது.

"ஏனுங்க, இந்த அடுப்புல ராகிக் களிகூட வேகாதாட்டம் இருக்குதே" என்றாள் புளிக்கூடையோடு வந்த ஓர் அம்மாள்.

"வேகாட்டி என்னங்க, பொகையக் குடிச்சிட்டே வாங்க. அதுக்குக் காசு கேக்கமாட்டோம்" என்றார் டிரைவர் அண்ணன்.

ஜவுளி மூட்டை வைத்திருந்த பாய் ஒருவர் இறங்கி வந்து கரியைத் தொட்டுப் பார்த்தார். "ஈரமா இருக்குதே. யாரு நனைச்சது?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "பனி பட்டிருச்சுங்க பாய்."

"சித்திரையில பனியா? அதுவும் மஞ்ச நெறத்துல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மதியம் பரீட்சை. நடந்து போய்ச் சேரக்கூடிய தூரமும் இல்லை. டிரைவர் அண்ணன் என் பரீட்சை விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பாய் போய்த் தன் ஜவுளி மூட்டையை அவிழ்த்து, புதுத் துண்டுகளை எடுத்துவந்தார். சாலையோரப் பாறை வெயிலில் காய்ந்து சுட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் கரியைப் பரப்பினார்கள். ஒவ்வொரு துண்டுக் கரியையும் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலத் துடைத்தார்கள். நானும் ஒன்றை எடுத்தேன். அப்பா பிடுங்கிக்கொண்டார்.

"நீ போயி உக்காரு கண்ணு. வேர்த்தா படிச்சது மறந்துரும்."

காய்ந்ததைப் பொறுக்கிப் போட்டு, சக்கரத்தை மாறி மாறிச் சுற்றினார்கள். எஞ்சினுக்கு உயிர் வந்தது, வலு வரவில்லை. ஆகவே தள்ளினார்கள். புளிக்கூடை அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவர் அண்ணனைத் தவிர பஸ்ஸில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து, மேனேஜ், சக்ஸீட், அச்சீவ் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னால், "இன்னுங் கொஞ்சந்தான், விடாதீங்க" என்று அப்பாவின் குரல்.

தருமபுரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார் டிரைவர் அண்ணன். மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சொற்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதவேண்டும். அன்று எனக்கு யோசிக்க வேலையே இல்லை. 'சக்ஸீட்' வந்ததும், என் தகப்பனார் பஸ்ஸை மேடேற்றி வெற்றி கண்டார் என்று எழுதினேன்.

வெளியே வந்தபோது அப்பா வாசல் கேட் அருகில் குந்தியிருந்தார். எழுதியதைத் தமிழில் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நானா ஏத்துனேன்? அத்தன பேரு தள்ளுனாங்களே கண்ணு. சர்க்கார் காயிதத்துல பொய்யி எழுதிட்டு வந்திருக்கியே."

"ஒரு வாக்கியந்தானேப்பா."

"உள்ள போயி மாத்திட்டு வந்துரலாமா? நான் வேணா வாச்மேன்கிட்டக் கேக்கறேன்."

விடைத்தாள்களைக் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லித் தடுத்தேன். அம்மாவின் மஞ்சள் தண்ணீரைப் பனி என்று பாயிடம் சொன்னவர், என் ஒரு வாக்கியத்துக்காக அதற்குப் பின் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொய் எழுதியவளைத் தேர்ச்சி பெறவிடுவார்களா என்பதுதான் அவர் பயம். தேறியவர்கள் பட்டியலில் என் பெயரும் இருப்பதை டிரைவர் அண்ணன் வந்து சொன்னபோது, அம்மா மாரியம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா மெல்ல, "பெரிய மனசுக்காரங்க. பொறுத்துக்கிட்டாங்க" என்றார்.

போர் முடிந்து பெட்ரோல் வந்துவிட்டது. அந்தப் பீப்பாயைக் கழற்றிவிட்டார்கள். பஸ் இப்போது அந்த மேட்டை மூச்சு வாங்காமல் ஏறுகிறது. நான் தருமபுரியில் ஒரு பெண்கள் பள்ளியில் அதே வினைச்சொற்களை நடத்துகிறேன். போன மாதம் அப்பா முதல்முறையாக என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வகுப்பை எட்டிப் பார்த்தார், கரும்பலகையைத் தொட்டுப் பார்த்தார். ஆசிரியைகள் இருந்த அறையைத் தாண்டும்போது என் காதருகில் குனிந்தார்.

"பரீச்சப் பேப்பரு திருத்துறவங்க இங்க யாராச்சும் இருக்காங்களா கண்ணு?"

"எதுக்குப்பா?"

"ஒண்ணுமில்ல. பாத்தா, தள்ளுனவங்க யார் யாருன்னு சொல்லிரலாம்னுதான்."