நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு கேமரா வாங்கப் போனது

புதன்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்குச் சற்று முன்பாக சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து மெல்பர்ன் ரயில் கிளம்பியது. ஏறக்குறைய தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர், பதினொரு மணி நேரப் பயணம். விமானம் என்றால் ஒன்றரை மணி நேரம்தான், கட்டணத்திலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சிட்னிப் புறநகர் மெரிலேண்ட்ஸில் என் ஒற்றை அறையில் யாரும் பேசாமல் இருப்பதைவிட, இத்தனை பேர் ஏறிய ரயிலில் யாரும் பேசாமல் இருப்பது கொஞ்சம் மேல் என்று பட்டது. அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

போவது ஒரு பழைய கேமரா வாங்க. அதற்காக ஒருத்தன் இன்னொரு மாநிலத்துக்கா போவான் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் மழையில் ஆரம்பித்தது. போன மாதம் பெய்த பேய்மழையில் தெருமுனை ஓடை நிரம்பி, வீட்டுக்காரரின் கொல்லைப்புறத்தில் நான் குடியிருக்கும் அறைக்குள் முழங்கால் உயரம் தண்ணீர் வந்தது. கேமராப் பையைத் தரையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். கேமரா போயிற்று. காப்பீட்டுக்காரர்கள் வெள்ளம் என்று கேட்டதுமே கையை விரித்தார்கள்.

சரி, புதிது வாங்குவோம் என்று நகரத்துக் கடைக்குப் போனேன். ஜப்பானில் நிலநடுக்கம் வந்து கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் செய்யும் தொழிற்சாலை நின்றுவிட்டது, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் கடைக்காரர். புதியது இல்லையென்றதும் எல்லோரும் பழையதன்மேல் விழுந்தார்கள். ஆயிரத்து நூறு டாலருக்குச் சீந்துவாரில்லாமல் கிடந்த மாடல் ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு என்று ஏறியது. வாடகைக்குக்கூடக் கிடைக்கவில்லை. இதற்கு நடுவே, வெள்ளத்தில் முங்கியதை அரிசி மூட்டைக்குள் போட்டுக் காயவைத்து, துடைத்து, நல்லது என்று விற்கிறவர்கள் வேறு. பிளாக்டவுனில் ஒருவர் காட்டிய கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் சேற்று நாற்றம் அடித்தது.

வாரநாட்களில் எனக்குக் கணினி வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாணம், பூப்புனித நீராட்டு, அரங்கேற்றம் என்று படம் எடுப்பேன். அதில் வரும் பணம் பெரிதில்லை. மனைவி பிரிந்து போய் ஐந்து வருடமாகிறது. கழுத்தில் கேமரா தொங்கினால்தான் என்னை ஒரு வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள், பந்தியில் உட்காரவைத்து இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றுகிறார்கள். கேமரா இல்லாமல் கழிந்த வார இறுதிகளில் நான் பேசியது மளிகைக்கடைக் காசாளரிடம் மட்டும்தான். வருகிற சனிக்கிழமை வென்ட்வேர்த்வில்லில் ஒரு கல்யாணம். அதற்குள் கேமரா இல்லையென்றால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஆளே பிறகு அந்த வீட்டு வளைகாப்புக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் போவான்.

அப்போதுதான் மெல்பர்ன் கேரம் டவுன்ஸிலிருந்து சிவநேசன் என்பவர் போட்ட விளம்பரம் கண்ணில் பட்டது. விலை ஆயிரத்து நானூற்று ஐம்பது. போன் செய்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயதிருக்கும். அரைமணி நேரம் உற்சாகமாகப் பேசினார். வருகிறேன் என்று சொன்ன மறுநாள் விளம்பரத்தில் விலை ஆயிரத்து அறுநூறாக மாறியிருந்தது. எரிச்சலோடு மறுபடி அழைத்து, சரி, அந்த விலைக்கே வாங்குகிறேன் என்றேன். மாலையில் ஆயிரத்து எழுநூறு. நிலநடுக்கத்தில் காசு பார்க்கிற மனிதர் என்று முடிவுகட்டினேன். எனக்கு வேறு வழியில்லை, மறுபடியும் அழைத்தேன்.

"நீங்க எவ்வளவு சொன்னாலும் வர்றேன் அங்கிள். ஆனா தண்ணியில கிடந்த கேமராவா இருக்கக் கூடாது."

"அப்ப சிவா விஷ்ணு கோயிலடிக்கு வாங்கோ தம்பி. அங்க வைச்சு நான் பொய் சொல்லமாட்டன்" என்றார்.

கோல்பர்ன் தாண்டியதும் வெள்ளம் வடிந்த வயல்கள் வந்தன. வேலிக்கம்பிகளில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கியிருந்தன. பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபது வயதுக்கு மேலிருக்கும். மெல்பர்னில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு கேமராவை என்றேன். நன்றாகச் சிரித்தார். பிறகு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார். ஜூனி நிலையத்தில் அவர் இறங்கியபின் மெல்பர்ன் வரை அந்த இருக்கைக்கு யாரும் வரவில்லை. மாலையில் சதர்ன் கிராஸ் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலிருந்த மலிவு விடுதியில் அறை எடுத்தேன். குளியலறை வெளியே, வாடகை தொண்ணூறு டாலர்.

வியாழன் காலை பிராங்ஸ்டன் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அங்கிருந்து பஸ். கோயில் கார் நிறுத்துமிடத்தில் மூன்றே கார்கள் நின்றன. சிவநேசன் அங்கிள் வேட்டி கட்டி, அதன்மேல் குளிர்ச்சட்டை போட்டு, துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். "சாப்பிட்டனீங்களோ?" என்பதுதான் முதல் கேள்வி.

வாசல் படியருகே உட்கார்ந்து கேமராவைச் சோதிக்கத் தொடங்கினேன். பேட்டரி அறையில் துருவில்லை. முகர்ந்து பார்த்தேன், நாற்றமில்லை. அந்த நேரம் அவருடைய போன் அடித்தது.

"ஓம், கமரா இருக்கு. எங்கயிருந்து கதைக்கிறியள்? ஜீலோங்கோ? அங்க இப்ப நல்ல குளிரெல்லே?" கேமரா என் கையில் இருக்கும்போதே பேச்சு நீண்டுகொண்டு போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கேமராத் தலையில் ஃபிளாஷ் மாட்டும் பள்ளத்தைப் பார்த்தேன். இடுக்கில் செம்பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"இது துரு. இல்லேன்னா வெள்ளத்துச் சேறு" என்றேன், அவர் போனை வைத்ததும். "நான் சிட்னியிலேர்ந்து வந்து உக்காந்திருக்கேன், நீங்க இன்னொருத்தர்கிட்ட விலை பேசுறீங்க. கோயில்ல பொய் சொல்ல மாட்டேன்னீங்களே அங்கிள்!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மணந்து பாருங்கோ தம்பி" என்றார்.

நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

"சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோட இதையும் வைச்சனான். சந்தனமும் குங்குமமும் வைச்சு, பிறகு வடிவாத் துடைக்கேல்ல."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் கேமராவுக்கு நானும் பொட்டு வைப்பேன். பிறகு பஞ்சை முறுக்கி நாள்கணக்கில் அந்தப் பள்ளத்தைத் துடைப்பேன். வெள்ளைக்காரர் யாராவது அதைத் துரு என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கேமராவை வாங்கித் துணிப்பைக்குள் வைத்தார். "நான் விக்கேல்ல. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அதற்குமேல் மானம் பார்க்கவில்லை. "கேமரா இல்லேன்னா என்னை ஒரு வீட்டுக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க அங்கிள். சனிக்கிழமைக் கல்யாணமும் போச்சுன்னா எனக்கு யாருமே இல்ல" என்றேன்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை அவர் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளம்பரம் போட்டு ஆறு மாசம், ஒருத்தரும் எடுக்கேல்ல" என்றார். "மகன் குடும்பம் பேர்த் நகரத்துக்குப் போயிட்டினம். என்ர மனுசி, மகளின்ர பிள்ளைகளைப் பாக்கக் கனடாவில. யப்பானில பூமி நடுங்கினாப் பிறகுதான் இந்தப் போன் அடிக்கத் தொடங்கினது. ஒரு நாளைக்கு நாலு பேர், அஞ்சு பேர். அங்க சனம் வீடு வாசல் இல்லாம நிக்குது, இங்க எனக்குக் கதைக்க ஆள் கிடைக்குது. நினைச்சா வெக்கமா இருக்கு தம்பி."

"அப்போ விலையை ஏன் ஏத்திக்கிட்டே போனீங்க?"

"ஆராவது வாறன் எண்டா கூட்டிவிடுவன். அப்பத்தானே யோசிச்சுப்போட்டுத் திரும்ப எடுப்பினம்? நீங்கள் ஒராள்தான் எவ்வளவெண்டாலும் வாறன் எண்டனீங்கள். உங்களை என்ன சொல்லி மறிக்கிறது?"

துணிப்பையை எடுத்து என் மடியில் வைத்தார். ஆயிரத்து எழுநூறையும் பேரம் பேசாமல் கொடுத்தேன். முதல் விலை போதும் என்று மிச்சத்தை என் சட்டைப் பையில் திணித்துவிட்டார். மதியம் கோயிலிலேயே சேர்ந்து சாப்பிட்டோம். நான் எழுந்த பிறகும் அவர் மோர் வாங்கி மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி காலை சிட்னி ரயில். வரும்போது பார்த்த அதே வயல்கள், இப்போது வெயிலில். வாங்கிய கேமராவில் ஜன்னல் வழியாகச் சில படங்கள் எடுத்துப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்குச் செய்தி அனுப்பியதும், காலை ஏழு மணிக்கே வந்துவிடும்படி பதில் வந்தது. மனது லேசானது. வாகா வாகா தாண்டி ஓரிடத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, பழக்கதோஷத்தில் கேமரா விளம்பரங்களைத் திறந்துவிட்டேன்.

சிவநேசன் அங்கிளின் விளம்பரம் அப்படியே இருந்தது. அதே படம், அதே எண். விலை மட்டும் ஆயிரத்து எண்ணூறாக ஏறியிருந்தது.

அந்த எண்ணை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"கேமரா இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம், இருக்கு. எங்கயிருந்து கதைக்கிறியள்?"

என் குரல் அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிட்னியிலிருந்து என்றேன். "அவ்வளவு தூரத்திலயிருந்தோ! அங்க இப்ப மழை எப்பிடி?" என்று தொடங்கினார். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, கோல்பர்ன் வரும்வரை நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.