புதைந்த இரண்டு படிகள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். ஆரணியில் எங்கள் தெருவுக்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று கீழே பாருங்கள். நீங்கள் நிற்பது கான்கிரீட் சாலை. உள்ளே வர நீங்கள் ஏற வேண்டியதில்லை. முழங்கால் உயரச் சிமெண்டுத் தடுப்பைத் தாண்டி இறங்க வேண்டும். உங்கள் காலடியில், அந்தக் கான்கிரீட்டுக்குள், இரண்டு கருங்கல் படிகள் புதைந்து கிடக்கின்றன. அவற்றைப் புதைத்தவர்களுக்குக் கைதட்டல் வாங்கித் தந்தவன் நான்.

புதைவதற்கு முன் அந்தப் படிகளில் உட்கார்ந்தால், விடியலில் ஈரமண்ணும் உதிர்ந்த புங்கம்பூவும் அரிசிக் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். சேலையின் 'பாவு' என்னும் நெடுக்கு இழைகளை எட்டு வீட்டு நீளத்துக்குத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் புங்கமர நிழலிலேயே உலர்த்தி எடுப்பார்கள். நேர்வெயில் பட்டால் பட்டிழை முறுகி அறுந்துவிடும். பால்காரர் சைக்கிளை விட்டிறங்கி, மணியடிக்காமல், பாவுக்கு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். அந்த மரங்களை நட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவை வடிவமைத்த பொறியாளர்கள் அவர்கள்தாம் என்று எந்த மேடையிலும் சொல்வேன்.

குறை இல்லாமலா இருந்தது? இருந்தது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, புழுதி கிளம்பி ஈரப்பாவில் ஒட்டியது. "இன்னா பேஜாருடா இது, நெய்யறது பட்டா, மண்ணா?" என்று எதிர்வீட்டு நெசவாளர் குப்பு மாமா கத்துவார். எனவே தெருவே கூடி ஒரு மனு கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவனாக, பேச்சுப்போட்டிக் கோப்பைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்த நான்தான் அதை எழுதினேன். 'புழுதியற்ற தெரு வேண்டும்' என்பது அதன் ஒரே கோரிக்கை. மண்ணே வேண்டாம் என்றோமா? மரம் வேண்டாம் என்றோமா? திட்டம் தீட்டியவர்கள் அப்படித்தான் படித்தார்கள். 'மாதிரித் தெரு' என்று பெயர் வைத்தார்கள். சாலையின் அகலத்துக்கு இடைஞ்சல் என்று புங்கமரங்களை இரண்டே நாளில் சாய்த்தார்கள். பழைய தரையைத் தோண்டாமலேயே அதன்மேல் ஜல்லியைக் கொட்டி, கான்கிரீட்டை ஊற்றி, எங்கள் இரண்டு படிகளையும் விழுங்கிவிட்டுப் போனார்கள்.

திறப்பு விழாவில் வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். நான் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் குப்பு மாமா எழுந்தார். "அய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க. மழத்தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

மேடையிலிருந்த பொறியாளர் வரைபடத்தைப் புரட்டினார். திருப்பிப் பிடித்து மறுபடியும் புரட்டினார். எனக்கோ பேச்சின் வேகம் அறுந்துவிடுமே என்ற அச்சம். "தெருவே வானை நோக்கி உயரும்போது, மாமா மட்டும் கால் நனையுமே என்று கவலைப்படுகிறார்!" என்றேன். கூட்டம் சிரித்தது, தட்டியது. பொறியாளர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் அம்மா மட்டும் தட்டவில்லை.

ஐப்பசி மழை பதில் சொன்னது. எங்கள் வீட்டில் தறி நெய்பவர் அம்மா. அப்பாவுக்குக் களம்பூர் அரிசி ஆலையில் வேலை. குழித்தறி என்றால், நெய்பவர் தரையில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகட்டைகளை மிதிக்க வேண்டும். "டேய், கால்ல ஜில்லுனு இன்னாவோ ஏறுதுடா!" என்று அம்மா அலறினார். அதற்குள் வாசல் வழியே தெருத்தண்ணீர் பாய்ந்துவந்து குழியை நிரப்பி, தறியில் சுற்றியிருந்த முக்கால் சேலையையும் மூழ்கடித்தது. அரக்குக் கரையின் சாயம் மாம்பழ மஞ்சளில் புண்போலப் பரவியதை நான் நின்று பார்த்தேன்.

குப்பு மாமா வாளியோடு ஓடிவந்தார். தன் வீட்டுக் குழியும் நிரம்பியிருக்க, எங்கள் குழியை இறைக்க வந்தார். ஆனால் என்னைச் சும்மா விடவில்லை. "இன்னா பேச்சாளரே, வானத்துக்குப் போன ரோடு தண்ணிய இங்க அனுப்பிகினு இருக்குதே! மைக்குல சொல்லி நிறுத்துறியா, இல்ல ஜல்தியா ஒரு வாளி புடிக்கிறியா?"

"வுடுங்கண்ணா," என்றார் அம்மா, சேலையைப் பிழிந்தபடி. "மனுவுல நம்ம எல்லார் கையெழுத்தும்தான இருக்குது."

அந்தப் பெருந்தன்மையை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. புழுதியைப் பற்றி முறையிட்டது குற்றமன்று. ஒரு தெருவை மாற்ற வந்தவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், எங்கள் வீட்டுக்குள் வந்து தறிக்குழிக்குள் ஓர் அளவுகோலை இறக்கிப் பார்த்தாரா? தெருவின் அகலத்தை அளந்தார்கள், நீளத்தை அளந்தார்கள். அந்தத் தெரு யாருடைய கால்களுக்கு மேலே போகிறது என்பதை அளக்கவில்லை. அளக்கச் சொன்ன ஒரே மனிதரை நான் கேலிப்பொருளாக்கினேன்.

இன்று புங்கமரங்கள் இல்லை. பாவு, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்கு ஆட்டோவில் போய்வருகிறது. கோடையில் கான்கிரீட் கக்கும் சூடு மாலைவரை வீட்டுக்குள் தங்குகிறது. அம்மா இன்னும் அதே குழியில்தான் கால் வைத்து நெய்கிறார். அவரைக் காப்பது, அந்த மழைக்குப் பிறகு நாங்கள் கட்டிய சிமெண்டுத் தடுப்பு ஒன்றே.

சென்ற மாதம் ஒரு திருமண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மேடைக்குப் பின்னால் பிளக்ஸில் பச்சை மரங்கள் அச்சாகியிருந்தன. இருக்கும் கான்கிரீட்டின் மேலேயே வண்ணக் கற்களைப் பதித்து எங்கள் தெருவை மீண்டும் உயர்த்தப் போகிறார்களாம். பதித்தால் எங்கள் தடுப்பில் பாதி சாலைக்குள் போய்விடும். 'மண்ணின் மைந்தர்' என்று அறிமுகம் செய்து என்னை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். நான் ஒலிபெருக்கியின் முன் நின்று, ஓர் அணியும் உவமையும் இல்லாமல், குப்பு மாமாவின் சொற்களிலேயே கேட்டேன்: "மழத்தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் தம்பி, அப்புறம் பேசலாம்" என்று புன்னகையோடு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்கள். இம்முறை யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்து நேராக எங்கள் தெருவுக்குப் போனேன். குப்பு மாமா வாசலில் நின்றிருந்தார். அம்மா தறியை நிறுத்திவிட்டுத் தடுப்புக்கு அப்பால் வந்து நின்றார். "இன்னா, கேட்டியாமே?" என்றார் மாமா. "இதுக்கு இத்தினி வருசமா?"

படிகள் புதைந்த இடத்தின்மேல் நின்று, தெரு முழுவதும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "இந்தக் கான்கிரீட்டை வெட்டியெடுத்து, தெருவைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, இந்த இரண்டு படிகளிலும் எங்கம்மா உட்காரும் நாள்வரை, எந்த மேடையிலும் யாரையும் வாழ்த்திப் பேச மாட்டேன். அழைக்கிற மேடையிலெல்லாம் மாமாவின் கேள்வியைத்தான் கேட்பேன்."