மிக்ஸி ஓடிய நாள்

என் வீட்டுக்காரர் வாய் ஓயாத மனிதர். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும், தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை ஆட்டோக்காரரோடு காவிரிப் பாலத்து நெரிசலைப் பற்றி வாய் வலிக்கப் பேசிக்கொண்டுதான் வந்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாள் "கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா" என்று கத்தியிருப்பேன்! அதிலும் எங்கள் அப்பா வீட்டை இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு எங்கள் வீட்டுச் சத்தம் அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் கேட்கும்.

ஒரு மருத்துவமனையில் எனக்குப் பதிவு மேசையில் வேலை. அங்கே கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவள் என் தோழி, பாலக்கரைப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆபரேஷனைப் பற்றிச் சொன்னதும் அவள் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அண்ணன் தினமும் என்னென்ன பேசுவாங்களோ, எல்லாத்தையும் இப்பவே ரெக்கார்டு பண்ணச் சொல்லுங்க அக்கா. அப்புறம் போன்ல ஏத்தித் தரேன். தொட்டா அவங்க குரல்லயே பேசும்" என்றாள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் தொல்லை தாங்காமல் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அதிலேயே மைக்கை மாட்டி, எப்படிப் பதிவது என்று இவருக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

மனிதர் உட்கார்ந்துவிட்டார். ஃபேன் சத்தம் விழக்கூடாதென்று அதை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, திருச்சி வெயிலில் வேர்த்து ஊற்ற ஊற்றப் பேசினார். "ஆட்டோ, அம்மா மண்டபம் வருமா?" "காபி ஆறிப்போச்சு பாரு." "ஐயோ, சில்லறை இல்லைங்களே." கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என்ன என்று கேட்டால், "அப்புறம் கேட்டுக்கோ" என்று சிரிப்பார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு சிலேட்டு. வீடு திரும்பியதும் பதிந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, முன்னும் பின்னும் இருந்த இருமலையும் மூச்சையும் வெட்டிச் சீராக்க ஆரம்பித்தார். "இருக்கிறபடியே அவளிடம் கொடுத்துவிடுங்களேன், பத்திரமாக இருக்கும்" என்றேன். "சுத்தம் பண்ணித்தான் தருவேன்" என்று சிலேட்டில் எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டுக் காட்டினார். பிடித்தால் பிடித்த பிடி. பென் டிரைவில்கூட ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரெண்ட்டை நிறுத்தும் நாள் வந்தது. காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் விடிவதற்குள் சட்னி அரைத்து முடித்துவிடுவார்கள். இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் கம்ப்யூட்டரும் ஓடும், மிக்ஸி போடக்கூடாது. இது பால்காரருக்கும் தெரியும். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவர் கம்ப்யூட்டரில் வேலையை ஓடவிட்டு வந்தவர், பசித்ததால் கஞ்சியைக் கூழாக்கிக்கொள்ள மிக்ஸியைப் போட்டிருக்கிறார். என்னைக் கூப்பிடக் குரல் இல்லை, மாடி ஏறி வரச் சோம்பல். இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு நின்றது. மிக்ஸி சுவிட்சை அணைக்காமலே இன்வெர்ட்டரை மறுபடி ஆன் செய்தார். மறுபடி நின்றது. மனிதர் விடுவாரா? மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரும் கூடவே அணைந்து எழுந்தது.

நான் இறங்கி வந்து மிக்ஸியை அணைத்து, இன்வெர்ட்டரைப் போட்டுப் பார்த்தபோது கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கறுப்பு, அதில் நாலு வரி வெள்ளை எழுத்து. ஃபைல் சிஸ்டம் கெட்டுவிட்டது, நீங்களே கையால் சரிபாருங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற வாய்! இருந்த ஒரே குரலையும் மிக்ஸியில போட்டு அரைச்சிட்டீங்களே!" என்று கத்தினேன். அவர் சிலேட்டை எடுத்தார். ஒன்றும் எழுதாமல் கீழே வைத்துவிட்டார். திருப்பிப் பேச முடியாதவரோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் உறைத்தது. இனி இந்த வீட்டில் அவர் குரல் என்று ஒன்று இருந்தால், அது அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் மட்டும்தான்.

தோழிக்குப் போன் போட்டேன்.

"தொடாதீங்க அக்கா. ஆஃப் பண்ணி வைங்க. கரெண்ட் வந்ததும் ஒருதரம் போட்டுப் பார்ப்போம்னு யாரும் கை வைக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை வரேன்."

"அதுவரைக்கும் என்னம்மா பண்றது? ரங்கநாதருக்கு வேண்டிக்கவா?"

"அது தாராளமா பண்ணுங்க. கம்ப்யூட்டரைத்தான் தொடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பாலம் தாண்டி வந்தாள். பையில் கம்ப்யூட்டரைக் கிளப்ப ஒரு பென் டிரைவ், நகலெடுக்க ஒரு பெரிய டிஸ்க். வந்ததும் சரிசெய்யத் தொடங்குவாள் என்று பார்த்தால், எங்கள் டிஸ்க்கை அப்படியே எழுத்து மாறாமல் அவள் டிஸ்க்கில் நகலெடுக்க விட்டுவிட்டு, "சாப்பாடு என்ன அக்கா?" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். "முதல்ல ரிப்பேரைப் பாரேன்டி" என்றேன். "ரிப்பேர் நகல்லதான் பண்ணுவேன். தப்புப் பண்ணிட்டா இன்னொரு நகல் எடுத்துக்கலாம். அசல்ல தப்புப் பண்ணா அண்ணனை மறுபடி பேசச் சொல்ல முடியுமா?" என்றாள். மதியம் லுஹர் தொழுகை நேரத்தில், துவைத்த விரிப்பை உள்அறையில் அவளுக்காக விரித்துக் கொடுத்தார் இவர். அவள் தொழுதுவிட்டு வந்தபோது நகல் முடிந்திருந்தது.

"குரலெல்லாம் டிஸ்க்லதான் அக்கா இருக்கும். எது எங்க இருக்குங்கிற கணக்குதான் கலைஞ்சிருக்கு. டோக்கனெல்லாம் கலந்துபோனா நம்ம ஓ.பி. எப்படி இருக்கும்? பேஷண்ட் உட்கார்ந்திருப்பாங்க, யாரு எந்த டாக்டருக்குன்னு தெரியாது. அது மாதிரி."

கலைந்த கணக்கைச் சரிபார்க்க எஃப்.எஸ்.சி.கே. என்று ஒரு கட்டளை. மவுஸ் கிடையாது, படம் கிடையாது, தட்டச்சுதான். முதலில் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும்படி அதை ஓட்டினாள். பிழைகள் மளமளவென்று மேலே ஓடின. அவள் கடைசிவரை படித்துவிட்டு, "ம்" என்றாள். பிறகு, "பிஸ்மில்லா" என்று சொல்லி, நிஜமாகவே திருத்தும்படி ஓட்டினாள். ஒவ்வொரு பிழைக்கும் அது சரிசெய்யட்டுமா என்று கேட்கும், இவள் ஆமாம் என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்' என்று தட்ட வேண்டும்.

"எல்லாத்துக்கும் ஒய்னு ஒரேடியா சொல்ல முடியாதா?"

"முடியும். ஆனா எதுக்குத் தலையாட்டுறேன்னு எனக்குத் தெரியணும்ல?"

ஒரு கேள்வியில் கை நின்றது. "இது எனக்குச் சரியாத் தெரியலை அக்கா" என்று பளிச்சென்று சொன்னாள். போனில் தேடி நிதானமாகப் படித்து, வேண்டாம் என்று 'என்' தட்டினாள். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், தெரியாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் முழு நம்பிக்கை வந்தது. கெட்டிக்காரி! அவள் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

முடிந்தது. 'குரல்' என்று இவர் பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தாள். காலி. இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க. வீடு தெரியாத ஃபைலையெல்லாம் ஒரு இடத்துல கொண்டுபோய் வைக்கும்" என்றபடி, லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்றிருந்த இன்னொன்றைத் திறந்தாள். வரிசை வரிசையாக ஃபைல்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தொலைந்து, தன் பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் போலீஸ் பந்தலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் மாதிரி இருந்தன. பெற்றவர்கள் வந்து அடையாளம் காட்டினால்தான் உண்டு.

"எது எதுன்னு கேட்டுத்தான் பேர் வைக்கணும். முதல்ல ஓடுதான்னு பார்ப்போம்" என்று முதல் எண்ணைத் தட்டினாள்.

கரகரவென்று ஒரு மூச்சு. அப்புறம் அறை அதிரும்படி அவர் குரல்:

"ஏய்! கரெண்ட் இல்லாதப்ப மிக்ஸியப் போடாதன்னு எத்தனை தடவை சொல்றது? இன்வெர்ட்டர் என்ன, உங்கப்பா குடுத்த சீதனமா?"

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் தலையில் அடித்துக்கொண்டு, சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"அதை இன்னொரு தடவை போடும்மா" என்றேன்.