சஹனில் ஒரு வரம்பு

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் என் முழங்கைகளில் வெள்ளைச் செதிள் உதிரத் தொடங்கியது. அரிப்பு எடுத்தால் தொழுகையில்கூட நிலைகொள்ளாது. கல்முனையில் டொக்டர் பார்த்துவிட்டு, "இது சொரியாசிஸ். ஒட்டுற வருத்தமில்ல. முழுசா மாறுற வருத்தமும் இல்ல. குறையும், திரும்பவும் வரும்" என்றார். ஊரோ அதைக் குஷ்டமென்றே முடிவுகட்டி, என்னை எப்போது மாந்தீவுக் குஷ்ட ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவார்கள் என்று விசாரித்தது.

அந்த நாளில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சஹனில் உட்கார்ந்தேன். எங்கள் பகுதியில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்துதான் விருந்துண்போம். அவரவர் முன்னாலுள்ளதை அள்ளுவோம். போகப்போக நடுச்சோறு சரிந்து, எல்லாருடைய கையும் கலந்துவிடும். அன்று சரியவில்லை. எனக்கும் கூட இருந்தவர்களுக்கும் நடுவே வயல் வரம்பு போலச் சோறு உயர்ந்து நின்றது. வலது முழங்கை தீயாய் அரித்தது. எல்லாக் கண்ணும் அதன்மேலேயே இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒட்டாதெண்டு டொக்டரே செல்லிட்டாரு, பயப்படாம தின்னுங்க" என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் என் மச்சான். "எனக்கு வகுறு நிறைஞ்சிட்டு" என்று முதலில் எழும்பியவரும் அவர்தான். மற்றவர்களும் பின்னாலேயே எழும்பினார்கள்.

நான் எழும்பவில்லை. இடக்கையால் முழங்கையை ஆசைதீரச் சொறிந்தேன். பிறகு வரம்பை வெட்டிச் சரித்து, அந்தச் சஹன் முழுவதையும் நானே தின்று முடித்தேன்.