அப்பாவின் பெரிய குரல்

அந்த ஒலிநாடா இயந்திரத்தின் முகப்பில் ஒரு திருகு இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் சக்கரங்கள் மெதுவாகச் சுற்றும். வலப்பக்கம் திருப்பினால் வேகமாகச் சுற்றும். அது எப்போதும் இடப்பக்கமே இருக்க வேண்டும் என்று அப்பா அதன் அடியில் ஒட்டுப்பாலை உருட்டி வைத்து அழுத்தியிருந்தார். ரப்பர் மரத்தின் காயத்தில் வழிந்து காய்ந்த அந்தப் பால் நாளடைவில் கறுத்து, கல்லைப் போல இறுகிவிட்டது. பல வீடுகள் மாறியும் அது அப்படியே இருந்தது.

அப்பா கரங்கான் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. விடியுமுன் பால் வெட்டுக்காரர்களை ஆபீசுக்கு முன்னால் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட வேண்டும். அதற்குப் பிரட்டு என்று பெயர். அப்பா நல்ல உயரம், அகன்ற தோள், பெரிய மீசை. ஆனால் வாயைத் திறந்தால் கீச்சென்ற மெல்லிய குரல்தான் வரும். அவர் ஒரு பெயரைச் சொன்னதும் வரிசையின் பின்னாலிருந்து அதே கீச்சுக் குரலில் யாராவது திருப்பிச் சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். "என்னா மண்டோரே, தொண்டைக்குள்ள கோழிக்குஞ்சா?" என்று பெண்களே கேட்பார்கள். ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக்காரரான கிராணியார் சன்னலிலிருந்து சாவகாசமாகச் சொல்வார்: "மீசைய மாத்தும், இல்லாட்டிச் சத்தத்த மாத்தும் காணும். ரெண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தேல்ல." அந்த ஆண்டுதான் என் பெயரும் பால் வெட்டுக்குப் பதிவாகியிருந்தது. நானும் அந்த வரிசையில்தான் நிற்பேன்.

கரங்கானில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் இதற்கு வழி சொன்னார். இயந்திரத்தை வேகமாக ஓடவிட்டுப் பேசிப் பதிய வேண்டும்; பிறகு மெதுவாக ஓடவிட்டால் குரல் கனத்து, பாதாளத்திலிருந்து வருவது போல் வரும். பேச்சு இழுபடாமல் இருக்கப் பதியும்போது மட்டும் பெயர்களை மூச்சுவிடாமல் வேகமாகச் சொல்ல வேண்டும். அப்பா வீட்டில் நடந்தபடி அதைப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் உட்கார்ந்து, கடை இயந்திரத்தில் வரிசையிலிருந்த எல்லார் பெயரையும் பதிந்து, நாடாவோடு ஒரு பழைய இயந்திரத்தையும் வாங்கிவந்தார். எப்போதும் தாமதமாக வருகிறவர்களின் பெயருக்குப் பின்னால் ஒரு திட்டும் சேர்த்திருந்தார். அவர்களில் கடைசி வீட்டுச் சின்னம்மாவும் ஒருவர். அப்பாவுக்கு மச்சினி முறை. அவர் பெயருக்குப் பின்னால் வந்தது இது: "எங்கடி போன? மாப்பிள்ள தோள்ல சாஞ்சி தூங்குறியா? எழுந்து வாடி!"

திங்கட்கிழமை இருட்டில், ஆபீசுக் கூரையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் முதல்முறையாக இறங்கியபோது நாய்கள் குரைத்தன. தாயின் இடுப்பிலிருந்த ஒரு குழந்தை வீறிட்டது. பேசுவது இயந்திரம் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியும் முதுகுகள் நிமிர்ந்தன. பின்வரிசையில் யாரும் கீச்சிடவில்லை. அந்தக் கனத்தை யாராலும் தொண்டையில் கொண்டுவர முடியவில்லை. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், நடந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் கண்டதில்லை. அதன் பிறகு வெளியில் அவர் பேசுவதே குறைந்துவிட்டது. பிரம்பால் சுட்டுவார், தலையை அசைப்பார். அம்மாவிடம் மட்டும் தன் சொந்தக் குரலில், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்.

அந்த மழைக்காலத்தில் சின்னம்மா இறந்துபோனார். பிள்ளைப்பேற்றில் ரத்தம் நிற்காமல், குளிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், லாரியிலேயே உயிர் போய்விட்டது. பிள்ளையும் தங்கவில்லை. நாடாவைப் புதிதாகப் பதிய வேண்டுமென்றால் கரங்கானுக்குத்தான் போக வேண்டும். மைக் அந்த அண்ணனிடம்தான் இருந்தது. "ஞாயித்துக்கிழமதான் போக முடியும், சுசாலா" என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. அதுவரை, சின்னம்மாவின் பெயர் வரும்போது ஒலியைக் குறைத்துவிடுவார். பெயர்களுக்கு நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒலிபெருக்கி ஊமையாகும். நாங்கள் தலையைக் குனிந்து நிற்போம். பிறகு அடுத்த பெயர் வரும்.

சின்னம்மாவின் கணவர் வேலைக்குத் திரும்பிய அன்று புது துரை பிரட்டைப் பார்க்க வந்திருந்தார். அவர் முன்னால் இயந்திரத்தின்மேல் குனிந்து நிற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வெளியே வந்து, துரைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். உள்ளே நாடா தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மாவுக்கு முந்தைய பெயர் வந்தபோதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பி ஓடினார். படியேறுவதற்குள் பெயர் வந்துவிட்டது. பின்னால் திட்டும் வந்தது. மாப்பிள்ள தோளில் சாய்ந்து தூங்குகிறாயா என்று அந்தப் பாதாளக் குரல் கேட்டது. எழுந்து வாடி என்றது. தோளில் பால் வாளிகளோடு அந்த மாப்பிள்ளை எனக்கு நேர் முன்னால் நின்றிருந்தார். வாளிகள் இரண்டையும் அவர் தரையில் இறக்கி வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். படியில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணே, தெரியாம நடந்துபோச்சிண்ணே, மன்னிச்சிருங்கண்ணே" என்றார். உண்மையாகவே சொன்னார், கண் கலங்கியிருந்தது. ஆனால் எத்தனையோ மாதங்களுக்குப் பின் அந்தக் களத்தில் அவர் சொந்தக் குரல் கேட்டது அப்போதுதான். தமிழ் தெரியாத துரைக்கு அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வந்த கீச்சொலி மட்டும்தான் கேட்டது. அவர் பக்கென்று சிரித்துவிட்டார். துரை சிரித்ததும் முன்வரிசை சிரித்தது. பிறகு எல்லாரும். கடைசியில் சின்னம்மாவின் கணவரே சிரித்தார். வாய் சிரித்துக்கொண்டே இருந்தது, கண்ணீர் தாடையில் வழிந்தது. "நீ அந்த மிசின் கொரல்லயே கேளுப்பா மன்னிப்ப" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அப்பா உள்ளே போனார். நாடா பின்னோக்கிச் சுற்றும் ஓசை கேட்டது. சிரிப்பு அடங்கியது. ஒலியை முழுதாகக் கூட்டி, முதல் பெயரிலிருந்து மறுபடி ஓடவிட்டார். பதில் சொல்லாமல் யாரும் கலைய முடியாது. ஒவ்வொருவராக "வந்துட்டேன்" என்றோம். என் பெயர் வந்தது; நானும் சொன்னேன். சின்னம்மாவின் பெயர் வந்தது. அப்பா ஒலியைக் குறைக்கவில்லை. திட்டும் முழுதாக வந்தது, கடைசி வாடி வரைக்கும். அதற்குள் அப்பா வெளியே வந்து, படியில் நின்று, சின்னம்மாவின் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது என்பது போல் துரை தலையை ஆட்டினார்.

மறுநாள் அப்பா பழையபடி ஒலியைக் குறைத்தார். ஒலிபெருக்கி ஊமையான அந்த இடத்தில், வரிசை முழுவதும் ஒரே குரலில் "வந்துட்டேன்!" என்று கத்தியது. யாரும் கூடிப் பேசிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் கத்தினார்கள். நான் மட்டும் அவர்களோடு சேரவில்லை. அப்பா கரங்கானுக்குப் போய், சின்னம்மாவின் பெயரே இல்லாமல் புது நாடா பதிந்துவந்தார். முந்தைய பெயர் முடிந்ததும் அதே இடத்தில் கத்தினார்கள். நாடா யாருக்காகவும் நிற்காது. அந்தக் கத்தலில் அடுத்து வந்த பெயர்கள் கேட்கவில்லை. ஆள் கணக்கு தப்பியது. "மிசினைத் தூக்கிக்கொண்டு போம், வாயால கூப்பிடும்" என்றார் கிராணியார். வாயால் கூப்பிட்டபோதும் கத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் அப்பா வேலையை விட்டார். அலோர் ஸ்டாருக்குப் போய் ஒரு கிடங்கில் காவல்காரரானார். அங்கே பேச வேண்டிய தேவையே இல்லை.

போன மாதம் மெர்கோங்கில் என் வீட்டில் அப்பாவுக்கு முதல் வருடத் திவசம். தாத்தாவின் குரலை எல்லாரும் கேட்கட்டும் என்று என் மகன் அந்த இயந்திரத்தைப் பழுது பார்த்து வைத்திருந்தான். அதில் இருந்தது பழைய நாடா. புதியதை அப்பா என்ன செய்தார் என்று தெரியவில்லை. மகன் ஒட்டுப்பாலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, திருகை வலப்பக்கம் திருப்பினான். அப்பாவின் உண்மையான குரல் கூடத்தில் கீச்சென்று ஓடியது. "ஐயோ, தாத்தாவா இது?" என்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். சின்னம்மாவின் பெயரும் திட்டும் வந்தன. அந்த வேகத்தில் அது திட்டாகவே இல்லை. மச்சினியைக் கேலி செய்யும் குரல். பின்னால் கடைக்கார அண்ணன் கிளுக்கென்று சிரிப்பதுகூடக் கேட்டது. அதைத் திட்டாக்கியது அந்தத் திருகு. ஆனால் அன்று களத்தில் அதை இரண்டாம் முறை ஓடவிட்டது திருகு அல்ல.

சிரிப்பு ஓயவில்லை. நான் எழுந்து போய் நாடாவை முதலுக்குச் சுற்றி, திருகை இடப்பக்கம் திருப்பினேன். பெரிய குரல் வந்தது. பிள்ளைகள் அடங்கி, தாய்மாரின் மடியை ஒட்டி உட்கார்ந்தார்கள். என் பெயர் வந்தது, நான் பேசவில்லை. இன்னும் சில பெயர்கள் போயின. பிறகு சின்னம்மாவின் பெயர். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் படைத்திருந்தது. மாலை போட்ட அவர் படத்தை நேராகப் பார்த்து, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, "வந்துட்டேன்" என்றேன்.