சாயத்துக்கு ஓர் எண்

ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் லீக்ஸ் ஏற்றிய லொறி ஒன்று திரும்புகிறது. எங்கள் அலுவலக மேல்மாடி யன்னலில் நிற்கும் ஜெயரத்தினம் சேர், "பூச்சியம் ஏழு, பூச்சியம் மூன்று" என்கிறார். பின்னாலேயே கரட் மூட்டைகள். "பூச்சியம் ஏழு, பூச்சியம் ஆறு." வாகன இலக்கம் அல்ல, அந்தச் சாமான் கப்பலேறினால் சுங்கம் அதற்குக் கொடுக்கும் குறியீட்டு எண். விற்கக்கூடிய எதுவும் அவர் கண்ணுக்கு எண்தான். கோயிலில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, "இருபத்தொன்பது பதினான்கு" என்று முணுமுணுத்ததை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அரசாங்கத்தின் ஏற்றுமதி ஊக்குவிப்பு உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி ஒன்பது மாதம். சிறு உற்பத்தியாளர்களின் சாமானுக்கு வெளிநாட்டில் ஆள் தேடுவதும், அதற்கான படிவங்களைச் சரிபார்த்து அனுப்புவதும் வேலை. அவருக்கு உதவியாளன் நான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன். பேராதனையில் பொருளியல் சிறப்புப் பட்டம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே கடிதங்களின் ஓரம் அளக்கிறேன். இடப்பக்கம் ஓர் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்தாலும் கடிதம் என் மேசைக்குத் திரும்பி வரும். "தம்பி, வெள்ளைக்காரன் முதல்ல கடிதத்தைத்தான் பார்ப்பான். சாமான் பிறகு."

சோம்பேறி என்று திட்டவும் வழியில்லை. ஜெர்மனியில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் உணவுக் கண்காட்சியில் மலையகச் சிறு உற்பத்தியாளருக்கு ஒரு காட்சித் தட்டு வேண்டுமென்று, ஆறு மாதம் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தே அங்குள்ள அதிகாரிகளைக் களைக்க வைத்தவர். தட்டு கிடைத்தது. இருபத்து மூன்று குழுக்களின் படிவங்கள் வந்தன. மற்ற நிரல்களை நான் பார்க்கலாம். குறியீட்டு எண் நிரலை மட்டும் அவர் பேனாவைத் தவிர வேறெதுவும் தொடக் கூடாது. அதை நிரப்பிய கையோடு உறையில் போட்டு ஒட்டிவிடுவார்.

அப்படி ஒட்டிய உறைக்குத்தான் கொழும்பிலிருந்து பதில் வந்தது. மஸ்கெலியா அழகம்மா குழுவின் பொருளுக்கு இரசாயனப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை; மாதிரிப் பெட்டியைக் கொழும்புக்கு ஏற்றிச்செல்லும் வியாழன் இரண்டு மணி வேனுக்குள் ஒழுங்கு செய்யாவிட்டால் பெட்டியிலிருந்து எடுத்துவிடவும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தேன். அழகம்மாவும் இன்னும் பத்துப் பெண்களும் கிழமை நாட்களில் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் குத்தகை மேட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டித் தேயிலை செய்கிறார்கள். அதில் என்ன இரசாயனம்?

படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பொருள்: மலைச்சாயம். மூலப்பொருள்: இலை. பயன்படுத்தும் முறை: கொதிநீரில் ஊறவைத்தல். பக்கத்தில் சேரின் மணி மணியான கையெழுத்தில், முப்பத்திரண்டு பூச்சியம் மூன்று. தாவரச் சாயப்பொருட்கள். துணிக்குப் போடுகிற சாயம்.

எங்கள் பக்கத்தில் பால் ஊற்றாத தேநீர்தான் சாயம். காலையில் ரொட்டியோடு குடிப்பது அது. இலை என்றாலும் தேயிலைதான். வேறெந்த இலையை யார் படிவத்தில் எழுதப்போகிறார்கள்?

வியாழன் காலை, ஒருநாள் பேரை விட்டுவிட்டு, அதாவது அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு, அழகம்மா பஸ் ஏறி வந்தார். சேர் கதிரை கொடுத்தார். பெயரைத் 'தேயிலை' என்று மாற்றிவிட்டால் அலுவல் முடிந்தது என்று பொறுமையாக விளக்கினார். அழகம்மா உட்காரவில்லை.

"கீழ்க்கடைப் பையன் தினம் உங்க மேசையில சாயம் கொண்டாந்து வைக்கிறானே ஐயா. அதுல சட்டையையா நனைச்சீங்க?"

நான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சேர் சிரிக்கவில்லை. லேபல் எல்லாம் அச்சடித்தாயிற்று என்றார் அழகம்மா. அடிக்காவிட்டாலும் மாற்றப்போவதில்லை, பதினொரு பேரும் கூடி உட்கார்ந்து வைத்த பெயர் என்றார்.

மணி பதினொன்றரை. இனி ஒரே வழி திருத்தப் படிவம். அதை நான் கொண்டுபோய் வைத்ததும் சேர் ஒரு முழம் பின்னுக்கு நகர்ந்தார். "இருவத்தாறு வருஷத்தில என்ர மேசையில இருந்து திருத்தம் எண்டு ஒண்டு போனதில்லை, தம்பி." கொஞ்சம் யோசித்து, "தட்டச்சுப் பிழையெண்டு போடும்" என்றார்.

இங்கே தட்டச்சு செய்பவன் நான் ஒருவன்தான்.

"சேர், அந்த எண் நீங்க கையால எழுதினதுங்க."

சேர் எழுந்து போய்க் குறியீட்டுப் புத்தகத்தை இறக்கினார். அத்தியாயம் முப்பத்திரண்டை விரித்து, குறிப்புகள் உட்பட முழுவதையும் ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் வாயைப் பார்ப்பதுமாக நின்றேன். கடைசியில் நிமிர்ந்து அழகம்மாவிடம் சொன்னார்: "புத்தகத்தின்படி நான் பிழை விடேல்லை, பிள்ளை."

"புஸ்தகம் சரிதாங்க ஐயா. எங்க பொட்டலம் அந்த வண்டியில ஏறுமா, ஏறாதா? அத மட்டும் சொல்லுங்க. ஊருல பத்துப் பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

சேர் புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு, பெட்டியில் மலைச்சாயத்துக்கு மேல்தட்டில் இடம் வைக்கும்படி எனக்குச் சொல்லிவிட்டு, திருத்தப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

நான் கதவருகில் பெட்டி கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். சரியான எண்ணை எழுதி முடித்துவிட்டார். அதன் கீழே 'பிழைக்கான காரணம்' என்ற நிரலில் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். அழகம்மாவைப் பார்த்தார். பிறகு, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாமல் எழுதுகிறவனைப் போல, இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டு, குனிந்து எழுதத் தொடங்கினார்.